கோணமலையில் மாயமும் மர்மமும் சரித்திரமும்

கொழும்புக் கோட்டையில் இரவு வண்டியேறிக் கண்ணயர்ந்த பிரயாணி, கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரிந்து போவதை அறியமாட்டார். கந்தளாய்ப் பக்கத்துக் காட்டுக் காற்று சில்லென்று முகத்திற் படும்போதுதான் விழித்துக்கொள்வார். அதன் பின்னர் வெகுநேரம் செல்லாது. காடு விலகும்; உப்புக் காற்றின் வாடை வரும்; வண்டி ஓடி ஓய்ந்து நின்றுவிடும். திருகோணமலைக்கு அப்பால் இருப்புப்பாதை கிடையாது. கடல்தான் உண்டு.

இத்துறைமுகத்தைக் கண்டு வியவாத மாலுமி இல்லை. குன்றுகள் சூழ்ந்து காக்க, பெருங்கப்பல்களும் அச்சமின்றித் தங்கத்தக்க ஆழத்துடன் இயற்கையே அமைத்துவைத்த துறை இது. ஆனால் அந்த அழகு இவ்வூருக்கு அமைதியைக் கொடுக்கவில்லை. பகையையே தேடிக் கொடுத்தது. 1624இல் போர்த்துக்கீசர் இங்கே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பறித்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே தை மாதத்தில் ஆங்கிலேயர் பிடித்ததை ஆவணியில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்ற கோட்டை 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 1957இல்தான் பிரித்தானியக் கடற்படை விடைபெற்றுச் சென்றது.

இத்தனை சரித்திரம் நெருங்கிக் கிடக்கும் ஊரிலே கதைக்குப் பஞ்சம் இருக்குமா? இராது. ஆனால் நாம் இவ்வூரைத் தேடி வருவதற்கு அதனினும் சிறந்த காரணம் ஒன்றுண்டு. தமிழிலே எழுந்த முதற் சரித்திர நாவலை எழுதியவர் திருகோணமலையாரே. 1895இல் சென்னையில் அச்சேறிய 'மோகனாங்கி' என்பது அந்நாவல், தி. த. சரவணமுத்துப்பிள்ளை என்பது அவர் பெயர். சரித்திரக் கதையில் மாயத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம், மர்மத்தை எங்கே வைக்கலாம், முடிவு தெரிந்த கதையிலும் வாசகரைப் பதைபதைக்கச் செய்வது எப்படி என்ற கேள்விகள் அவர் நாள்தொட்டு இன்றுவரை நம் எழுத்தாளரை விடவில்லை. அக்கேள்விகளுக்கு விடை தேட இந்த ஊரைச் சுற்றி ஒரு நடை நடந்து வருவோம்.

கோட்டை வாயில்

பிரெடரிக் கோட்டையின் வாயிலை முதலில் அடைகிறோம். இராணுவத்தினர் காவல் புரியும் இடம் இது. உள்ளே ஆலமர நிழலிற் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு கூசாமல் உலவுகின்றன. மானைப் பார்த்தபடியே உள்ளே போய்விடுகிறவர்கள் வாயிற்கல்லைக் கவனிப்பதில்லை. அக்கல்லிலே இரண்டு மீன்களின் உருவமும் சிதைந்த தமிழ் எழுத்துக்கள் சிலவும் உள்ளன.

அவ்வெழுத்துக்களைச் சுற்றி ஒரு தீர்க்கதரிசனம் வளர்ந்து நிற்கிறது. குளக்கோட்டு மன்னன் எடுத்த திருப்பணியைப் பிற்காலத்திலே பறங்கியர் அழிப்பர் என்றும், அவருக்குப் பின் பூனையின் கண் உடையார், செங்கண் உடையார், புகைக்கண் உடையார் என வெவ்வேறு நிறக் கண்ணினர் ஒருவர்பின் ஒருவராக வந்து ஆள்வர் என்றும் அது கூறுகிறதாம். கல்லில் எஞ்சியிருப்பன சில எழுத்துக்களே; முழுப் பாட்டும் மக்கள் வாய்மொழியிலும் பழைய ஏடுகளிலும் இருந்து நமக்குக் கிடைக்கிறது.

கதை எழுதுவோர் முதலில் எண்ணிப் பார்க்கத்தக்க பொருள் இது. சரித்திரக் கதையில் முடிவை ஒளித்துவைக்க இயலாது. கோணேசர் கோயில் இடிந்தது என்பதை வாசகர் அறிவர். அப்படியாயின் அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலுக்கு இடமேது? தீர்க்கதரிசனம் அங்கேதான் உதவுகிறது. வரப்போகும் கேட்டை முன்பே சொல்லிவிட்டு, அதைக் கேட்ட மனிதர் என்ன செய்தனர் என்று பார்க்கும்படி நம்மை நிறுத்துகிறது. அர்ச்சகர் ஒருவர் இக்கல்லைத் தினமும் கடந்து பூசைக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நம்புகிறாரா, நகைக்கிறாரா, கண்ணை மூடிக்கொள்கிறாரா? கோயில் இடியுமா என்பதைவிட இக்கேள்வியே நம் நெஞ்சை உலுக்குவது.

கல்கியும் இந்த உபாயத்தை அறிந்திருந்தார். 'பொன்னியின் செல்வ'னிலே குடந்தைச் சோதிடரும் வானத்து வால்நட்சத்திரமும் வருகின்றன. சோதிடம் மெய்யென்று அவர் சாதிப்பதுமில்லை, பொய்யென்று தள்ளுவதுமில்லை. அக்காலத்து மனிதர் அஞ்சினர் என்பதை மாத்திரம் காட்டி அப்பாற் போகிறார். அந்த அச்சம் சரித்திரத்தில் உண்மையாக இருந்த பொருள்.

சுவாமிமலை

கோட்டையைக் கடந்து மேலேறினால் சுவாமிமலை. கடலுக்குள் நீட்டிய பாறை. மறுபுறம் நூற்றுக்கணக்கான அடி செங்குத்தான சரிவு. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம் இது. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கீசர் இக்கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டை எழுப்பினர். சித்திரை வருடப்பிறப்பன்று சுவாமி வீதியுலாச் சென்ற வேளையில் அவர்தம் வீரர் அந்தண வேடம் பூண்டு உட்புகுந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. கோயிலார் விக்கிரகங்கள் சிலவற்றை மண்ணுட் புதைத்துக் காத்தனர் என்றும் சொல்வர்.

மண்ணுட் புதைந்த தெய்வங்கள் என்றால் அது பாட்டிமார் கதை என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1950இல் கிணறு வெட்டியபோது சோழர் காலக் கலைமரபில் அமைந்த உலோகத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஊரெங்கும் அவற்றை எழுந்தருளச் செய்து வழிபட்டனர். 1956இல் ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இப்பாறையடிக் கடலில் மூழ்கி, பழைய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கிடப்பதைக் கண்டனர். கிளார்க் அதனை அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலில் எழுதினார். எதிர்கால விஞ்ஞானக் கதைகளாற் புகழ்பெற்ற அவரை இறந்தகாலத்தின் சிதைவுகள் கடலடியில் எதிர்கொண்டன. இன்று நாம் காணும் கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது.

வாய்மொழிச் செய்தி முழுவதையும் தள்ளிவிடலாகாது என்பதற்கு அக்கிணறு சாட்சி. முழுவதையும் கொள்ளலாகாது என்பதற்குச் சாட்சி சில அடி தூரத்திலேயே நிற்கிறது. அதற்கு முன், பாறையைப் பிளந்து கீழிறங்கும் இடைவெளியை எட்டிப் பார்ப்போம். 'இராவணன் வெட்டு' என்பது அதன் பெயர். தன் தாய் வழிபடுவதற்காக மலையையே பெயர்த்தெடுக்க முயன்ற இலங்கேசுவரன் வாளால் வெட்டிய வெட்டாம். அவனே தாயின் ஈமக்கடனுக்காகக் கன்னியாவில் ஏழு இடங்களிற் குத்தி வெந்நீர் ஊற்றுக்களைத் தோற்றுவித்தான் என்றும் கூறுவர். ஊரிலிருந்து சில கல் தூரத்தில் உள்ள அவ்வேழு கிணறுகளிலும் இன்றும் மக்கள் நீராடுகின்றனர். பெற்றோருக்குக் கடன் கழிப்போரும் உண்டு.

பூமியின் ஆழத்துச் சூட்டினால் நீர் வெதும்புகிறது என்று இன்றைய பாடநூல் சொல்லும். கதாசிரியன் அவ்விளக்கத்தைப் பதினேழாம் நூற்றாண்டு மனிதன் வாயில் வைத்தால் கதை கெடும். இராவணன் நேரில் வந்து வாள் வீசினான் என்று எழுதினால் சரித்திரம் கெடும். தாயை இழந்த ஒருவன் அக்கிணற்றருகே நிற்கிறான். வாளியில் மொண்ட நீர் கை பொறுக்கும் வெப்பத்துடன் உடம்பில் இறங்குகிறது. பத்துத் தலை உடையவனும் தாய்க்காக அழுதான் என்ற எண்ணம் அவனுக்கு ஆறுதல் தருகிறது. இவ்வளவு போதும். நம்புகிற மனிதனின் நெஞ்சிலே நிற்கும்வரை மாயம் பொய்யாவதில்லை.

பிரான்சினாவின் தூண்

மேலே சொன்ன மறுசாட்சி இதோ இருக்கிறது. பாறையின் உச்சியில் ஒரு கல்தூண். பழைய கோயிலின் தூணே அது என்று கருதுவர். அதில் பிரான்சினா வான் ரீடு என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன.

வழிகாட்டிகள் சொல்லும் கதை உருக்கமானது. அவளை மணப்பதாக வாக்களித்த அதிகாரி அவளைக் கைவிட்டுக் கப்பலேறினான். கப்பல் இப்பாறையைக் கடக்கும் வேளையில் அவள் உச்சியிலிருந்து பாய்ந்து உயிர் விட்டாள். 'காதலர் பாய்ச்சல்' என்று இவ்விடத்திற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. கேட்டவர் கண் கலங்கிக் கீழே நுரைக்கும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவர்.

ஆனால் அப்பெண் அதன் பின்னரும் உயிர் வாழ்ந்து மணம் புரிந்துகொண்டாள் என்பதற்கு ஒல்லாந்தர் ஆவணங்களில் சான்றுண்டு என்று ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். அவ்வளவுதானா, கதை போயிற்றே என்று நீங்கள் வருந்தலாம். கதை போகவில்லை, உண்மையில் இப்போதுதான் அது தொடங்குகிறது. உயிரோடிருந்த ஒருத்திக்கு இந்த உச்சியிலே தூண் நாட்டியவர் யார்? எதனை நினைவுகூர நாட்டினார்? அவள் இங்கே நின்று எதைப் பார்த்தாள்? தன் பெயரால் ஒரு சாவுக்கதை பரவியதை அவள் எப்போதேனும் கேள்வியுற்றாளா? பாய்ந்து இறந்தாள் என்னும் கதை எல்லாக் கேள்விகளையும் அடைத்துவிட்டது. ஆவணம் அவற்றைத் திறந்துவிடுகிறது.

மர்மக் கதைக்கு இதனினும் நல்ல பாடம் கிடையாது. அறிந்த உண்மைக்கு மாறாக எழுதுவது மர்மமாகாது. அறிந்தவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியே மர்மத்தின் இருப்பிடம். உடையார்குடிக் கல்வெட்டை எண்ணிப் பாருங்கள். கரிகாற் சோழனாகிய ஆதித்தனைக் கொன்றவர் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயரை இராசராசன் காலத்து அக்கல்வெட்டு கூறுகிறது. அவர்தம் உறவினர் நிலம் பறிமுதலான செய்தியைக் கூறுகிறது. ஏன் கொன்றனர் என்று கூறவில்லை. அந்த மௌனத்திலேதான் கல்கி ஐந்து பாகங்களைக் கட்டினார். நந்தினியைப் படைத்தார், ஆனால் கல்வெட்டிலுள்ள பெயர்களை மாற்றவில்லை.

இலங்கைக்கும் இத்தகைய மௌனம் ஒன்றுண்டு. சோழருக்குத் தோற்ற பாண்டிய மன்னன் தன் முடியையும் அணிகளையும் பத்தாம் நூற்றாண்டிலே இலங்கை மன்னனிடம் ஒப்புவித்துச் சென்றான். பராந்தகன் படை அனுப்பியும் அவை கிடைக்கவில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து இராசேந்திரனே அவற்றைக் கைப்பற்றினான். இடைப்பட்ட காலத்தில் அம்முடி எந்தக் குகையில், யார் காவலில் இருந்தது? அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' அந்த முடியைத் தேடிச் சென்ற கதையே.

கொட்டியாரக் குடாவின் அக்கரை

மலையிலிருந்து தெற்கே நோக்கினால் கொட்டியாரக் குடாவின் மறுகரை மங்கலாகத் தெரியும். அது மூதூர். முன்னாளில் தோணியிலும் இயந்திரப் படகிலும் மாத்திரம் எளிதில் அடையக்கூடிய ஊருக்கு, 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் தரைவழியும் சுலபமாயிற்று. மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இப்பகுதியில், கரையோரப் புளியமரம் ஒன்றின் அடியிலே 1660ஆம் ஆண்டில் நடந்த சம்பவம் உலக இலக்கியத்திலேயே தன் சுவட்டைப் பதித்தது.

'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் ஒடிந்து, புதுமரம் வெட்டிக்கொள்ளக் கொட்டியாரத்துக்கு வந்தது. கப்பற் தலைவர் ரொபேட் நொக்ஸ். அவருடன் அதே பெயருடைய பத்தொன்பது வயது மகனும் இருந்தான். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் அதிகாரி நட்புப் பாராட்டி வரவழைத்துத் தலைவரைச் சிறைப்படுத்தினான். கப்பலை உட்கொண்டு வரச் செய்யுமாறு மகனைத் தூதனுப்பினர். தந்தையோ, கப்பல் அகப்படாமற் செல்லட்டும் என்று சொல்லச் செய்தார். ஆயினும் நீ என்னிடம் திரும்பி வருவாயாக என்று மகனிடம் வாக்குப் பெற்றார்.

மகன் கப்பலை அடைந்தான். காலடியிலே மரப்பலகை, எதிரே திறந்த கடல். கரையிலே தந்தை, சிறை, அறியாத காடு. ஒரு நாவலாசிரியன் இவ்விடத்தில் அத்தியாயத்தை முடிக்காவிட்டால் அவன் தொழில் தெரியாதவன்.

அவன் திரும்பி வந்தான். மறு ஆண்டே தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் சிறையிருந்தான். கைகால் விலங்கிட்ட சிறையன்று; ஊரார் நடுவே வாழலாம், எல்லை தாண்ட இயலாது. தொப்பி பின்னி விற்றான். நெல் கடன் கொடுத்து வாங்கினான். தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து ஆங்கில வேதாகமம் ஒன்றைப் பெற்ற செய்தியை அவனே எழுதியிருக்கிறான். பொதி சுமக்கும் வியாபாரியாக ஊர் ஊராகச் சென்று, மெல்ல மெல்ல வடக்கு வழியை அறிந்து, 1679இல் தோழன் ஒருவனுடன் ஆற்றோரமாகக் காட்டைக் கடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681இல் அவனுடைய நூல் இலண்டனில் வெளிவந்தது. டானியல் டீபோ அதனைப் படித்தவர். தம் கதை ஒன்றில் நொக்ஸின் சிறைவாசத்தைச் சுருக்கியும் தந்திருக்கிறார். 'ராபின்சன் குரூசோ' உருவானதற்கும் இந்நூல் துணை நின்றது என்று அறிஞர் கருதுவர்.

நொக்ஸ் தப்பினான் என்பது நூல் அச்சேறியதிலிருந்தே தெளிவு. ஆயினும் அந்தத் தப்பியோட்டத்தைப் படிக்கும்போது நமக்கு மூச்சு முட்டுகிறது. ஏன்? துப்பாக்கியும் துரத்தலும் அதற்குக் காரணமல்ல. பத்தொன்பது ஆண்டு அவன் பின்னிய தொப்பிகளை எண்ணி வந்த நாம், ஒரே இரவில் அத்தனையும் வீணாகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். இழக்கக்கூடிய பொருள் இன்னதென்று வாசகர் முன்கூட்டி அறிந்திருந்தாலே பதைபதைப்பு உண்டாகும். இருட்டும் ஆந்தையின் அலறலும் அதற்கு மேற்பூச்சு மாத்திரமே.

இரண்டு நூல்கள், நான்கு ஆண்டுகள்

இனி ஊருக்குள் திரும்பி, இங்குப் பிறந்த எழுத்தைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நான்கு ஆண்டு இடைவெளிக்குள் திருகோணமலையார் இருவர் இரண்டு கதைநூல்களைத் தந்தனர்.

முதலாவது 1891இல் வந்த 'ஊசோன் பாலந்தை கதை'. எழுதியவர் எஸ். இன்னாசித்தம்பி. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வழங்கிய பழங்கதை ஒன்றின் தமிழ் வடிவம் அது. பழிசுமத்தப்பட்டு நாடு கடத்தப்பட்ட அரசி காட்டிலே இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். ஒன்றைக் கரடி தூக்கிச் சென்று வளர்க்கிறது. மற்றொன்று அரண்மனையில் வளர்கிறது. ஐரோப்பியர் வழங்கிய அக்கதையிலே பேசும் பித்தளைத் தலை ஒன்று பிறப்பின் இரகசியத்தை வெளியிடும். குள்ள மந்திரவாதியின் மரக்குதிரை வானிற் பறக்கும். நம் விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்க்கு இவை அந்நியமாகத் தோன்றியிரா.

இரண்டாவது நாம் முன்பு சொன்ன 'மோகனாங்கி'. சரவணமுத்துப்பிள்ளை சென்னையிலே கீழைத்தேய ஏட்டுச்சுவடிகளோடு பழகிப் பணிபுரிந்தவர். பித்தளைத் தலைக்கும் பறக்கும் குதிரைக்கும் பதிலாக அவர் சரித்திரத்தை எடுத்துக்கொண்டார். கதைக்களம் பதினேழாம் நூற்றாண்டுத் திருச்சியும் தஞ்சையும்; தலைவன் சொக்கநாத நாயக்கன்; தலைவி தஞ்சை நாயக்கர் குலத்து மோகனாங்கி. காதலும் அரசியற் சூழ்ச்சியும் பின்னிய கதை. சரித்திரம் இவ்விரு அரசுகளைப் பற்றிச் சொல்லுவது கொடுமையானது. சொக்கநாதன் பெண் கேட்டான். தஞ்சை விசயராகவன் மறுத்தான். 1673இல் திருச்சிப் படை தஞ்சையைச் சூழ்ந்தது. விசயராகவன் அந்தப்புரத்தை வெடிமருந்தால் தகர்க்கச் செய்துவிட்டுப் போரில் மடிந்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சொக்கநாதன் பட்டமேறியது 1659இல். மறு ஆண்டு நொக்ஸ் புளியமரத்தடியில் அகப்பட்டான். தஞ்சை வீழ்ந்த நாளில் அவன் மலைநாட்டிலே தொப்பி பின்னிக்கொண்டிருந்தான். சொக்கநாதன் மாண்டு ஐந்தாண்டில் சுவாமிமலையிலே பிரான்சினாவின் தூண் எழுந்தது. கடலின் இருகரையிலும் ஒரே தலைமுறையினர் வாக்குக்காகவும் மானத்துக்காகவும் துன்புற்றனர்.

குளக்கோட்டனும் இராவணனும் காலடியில் இருக்க, இவ்வூர்ப் புலவர் அவர்களை விடுத்து, இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட மனிதரை நாடியது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அதிலே ஒரு நெறி தெரிகிறது. ஆவணமும் ஐதிகமும் அருகருகே கிடக்கும் காலம் கதைக்கு உகந்தது. அத்துடன் இன்னொன்று: இவர் 1892இல் 'தத்தைவிடு தூது' என்ற செய்யுளிலே பெண்ணின் உரிமைக்காகப் பேசியவர். மணப்பெண் கேட்டு மூண்ட போரின் சரித்திரத்திலே அரசர் பெயர்கள் மாத்திரம் நிலைத்திருக்க, இவர் நூலுக்குப் பெண்ணின் பெயரை இட்டார். சரித்திரம் பேச மறந்தவளைப் பேசவைப்பதும் ஒரு மாயமல்லவா? பறக்கும் குதிரையினும் அது பெரிது. பின்னர் வந்த சுருக்கப் பதிப்பு சொக்கநாதன் பெயரையே தாங்கியது என்பதும் சிந்திக்கத்தக்கது.

கதைக்கும் சாட்சியத்துக்கும் நடுவே

ஊரை விட்டுப் புறப்படுமுன் வடமேற்கே சில கல் தூரத்தில் பெரியகுளத்தை அடுத்த வெல்கம் விகாரையையும் கண்டு செல்வது நன்று. பௌத்தப் பள்ளி அது. சோழர் காலத்திலே இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. தமிழர் அளித்த கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுக்கள் அங்கே பேசுகின்றன. போருக்கு வந்த அரசன் பெயர் புத்த பள்ளிக்குச் சூட்டப்பட்டது எவ்வாறு? அதற்கு விளக்கேற்றிய தமிழர் யாவர்? இதைப் போன்ற நாவற்பொருள் எளிதில் அகப்படாது.

தென்மேற்கே கந்தளாய்க் குளம். குளக்கோட்டன் பூதங்களைக் கொண்டு கட்டுவித்தான் என்றும், பேழையிற் கடல்மேல் மிதந்து வந்த ஆடகசவுந்தரியை அவன் மணந்தான் என்றும் தமிழ் ஐதிகம் சொல்லும். சிங்கள மரபு தன் மன்னர் பெயர்களைச் சொல்லும். 1986 ஏப்ரலில் அணை உடைந்து பலர் மாண்டபோது தமிழரென்றும் முஸ்லிமென்றும் சிங்களரென்றும் பார்த்து வெள்ளம் செல்லவில்லை.

இந்த மாவட்டத்திலே ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு மூன்று கதைகள் உண்டு. ஒவ்வொரு கதைக்கும் பின்னால் ஒரு மக்கட் கூட்டம் நிற்கிறது. 2009இல் முடிந்த நெடும்போரிலே இவ்வூர் கொடுத்த விலையை இங்குள்ளோர் அறிவர். அதனால்தான் சரித்திரக் கதை எழுதுவது இங்கே வெறும் பொழுதுபோக்காகாது. ஐதிகத்தைச் சரித்திரமாக்கி எழுதிவிட்டால், நாளை ஒருவன் அந்நாவலைக் காட்டி நிலம் கேட்பான்; மற்றொருவன் அதே நாவலைக் காட்டி இல்லை என்பான். ஐதிகத்தை மூடநம்பிக்கை என்று எள்ளி ஒதுக்கினாலோ, கன்னியாவில் தாய்க்கு நீர்க்கடன் செய்தவனின் கண்ணீரை அவமதித்தவராவோம்.

இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. மாயத்தை நம்பினவர் நெஞ்சில் வையுங்கள். மர்மத்தை ஆவணத்தின் மௌனத்தில் வையுங்கள். பதைபதைப்பை மனிதர் இழக்கக்கூடியதன்மேல் வையுங்கள். அப்படி எழுதிய கதையிலே எது கல்லில் உள்ளது, எது ஆசிரியன் கற்பனை என்று வாசகருக்குத் தாமே புரியும். யாரையும் ஏமாற்றாமலே மயக்க முடியும்.

மாலைப் பூசை முடிந்து சுவாமிமலையிலிருந்து மக்கள் இறங்கிவரும் வேளையில், வாயிற்கல்லின் இரு மீன்கள்மேல் வெயில் சாய்ந்து விழுகிறது. குளக்கோட்டன் கதையை எழுத முதற் பேனாவை எடுக்கும் இளைஞரோ யுவதியோ இவ்வூரின் பள்ளி ஒன்றிலே இன்று படித்துக்கொண்டிருக்கக் கூடும். 'மோகனாங்கி' பிறந்து நூற்றுமுப்பது ஆண்டு ஆயிற்று. தம் ஊரைப் பற்றியே ஒரு நல்ல சரித்திர நாவலைத் திருகோணமலை அவர்களிடம் எதிர்பார்த்திருக்கிறது. அவர்கள் அக்கல்லை நின்று படித்துவிட்டு எழுதுவார்களாக.